பதிவாகாத ரத்து

தாம்பரத்தில் ஒரு சிறிய டயாலிசிஸ் மையத்துக்கு முன்பதிவு மென்பொருள் எழுதிக்கொடுத்து, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலும் இருந்தேன். ஊரப்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலில் போவேன். வரவேற்பு மேஜையில் இருந்த அக்கா கோவளத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் வீட்டில் மற்ற எல்லோருக்கும் மீன்தான் பிழைப்பு. அந்த மையத்தில் என்னை விட்டால் கம்ப்யூட்டரைத் தைரியமாகத் தொட்டவர் அவர்தான்.

ஒருநாள் பள்ளிக்கரணையிலிருந்து வந்த பெரியவர் ஒருவரின் முன்பதிவு ரத்தாகியிருந்தது. அவருடைய படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று. திரும்பிப் போனவருக்கு மறுநாள் காலை மூச்சுத்திணறல். வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிழைத்துக்கொண்டார். அவர் மகன் வந்து நின்றதும், ரத்து செய்தது யார் என்ற கேள்வி எழுந்தது. மேலாளர் அக்காவைக் கைகாட்டினார்.

"நான் பண்ல மேடம். உங்க கம்ப்யூட்டர்ல பாத்து சொல்லுங்க," என்றார் அக்கா என்னிடம்.

சொல்லிவிடலாம் என்றுதான் நானும் நம்பினேன். ஜாவா நிரல்மொழியில் லிசனர் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு கோரிக்கை வரும்போதும் முடியும்போதும் சர்வர் அதற்குத் தகவல் சொல்லும். யார், எங்கிருந்து, எதைக் கேட்டார்கள் என்று அது லாக் என்ற பதிவுக் கோப்பில் குறித்துவைக்கும்படி எழுதியிருந்தேன். முன்பெல்லாம் அதன் பெயரை எக்ஸ்எம்எல் என்ற அமைப்புக் கோப்பில் எழுதிப் பதிவுசெய்ய வேண்டும். இப்போது அது தேவையில்லை. நிரலில் அதன் தலைக்கு மேலே 'வெப்லிசனர்' என்று ஒரு குறிப்பு போட்டால் சர்வரே தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளும். அப்படித்தான் போட்டிருந்தேன். என் லேப்டாப்பில் ஓடியது.

மையத்து சர்வரில் லாகைத் திறந்தேன். காலி. பிழைச் செய்திகூட இல்லை. மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"அப்ப அந்தம்மா பண்ணலன்னு உங்களால சொல்ல முடியாது?"

"அவங்கதான் பண்ணாங்கன்னும் சொல்ல முடியாது சார்."

அதை அவர் காதில் வாங்கவில்லை. சாயங்காலமே அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டே, கம்ப்யூட்டரில் ஒன்றுமே இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் இல்லை என்பது எனக்கே அப்போது தெரியாது.

மறுநாள் தெரிந்தது. எனக்கு முன்னால் இருந்த மென்பொருளுக்காக யாரோ போட்ட பழைய எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்று சர்வரிலேயே தங்கியிருந்தது. எல்லா விவரமும் இதற்குள்ளேயே முழுதாக இருக்கிறது என்று அதன் முதல் வரியில் ஒரு குறிப்பு. அதை நம்பிய சர்வர் வேறெங்கும் தேடவே இல்லை; என் லிசனர் அதன் கண்ணில் படவே இல்லை. குறிப்பை எடுத்துவிட்டு சர்வரை மறுபடி தொடங்கியதும் லாகில் வரிகள் விழ ஆரம்பித்தன. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து அதேபோல் இன்னொரு ரத்து. இந்த முறை லாக் காட்டிக்கொடுத்தது. நாங்கள் அனுப்பும் நினைவூட்டல் எஸ்எம்எஸ்ஸில் இருக்கும் லிங்கை நோயாளியின் போனிலிருந்தே யாரோ தொட்டிருக்கிறார்கள். தொட்ட மாத்திரத்தில், எதுவும் கேட்காமல் ரத்தாகும்படி அதை எழுதியது நான்தான். அன்றைக்கே மாற்றினேன். மேலாளரிடமும் சொன்னேன். இது இந்த ரத்துக்குத்தானே ஆதாரம், அந்தப் பெரியவரின் ரத்துக்கு இல்லையே என்றார்.

அக்காவுக்குப் போன் செய்தேன். கேளம்பாக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். லிங்க், லாக், என் தவறு, எல்லாவற்றையும் சொன்னேன்.

"இப்ப சொல்லி இன்னா மேடம் ஆவப்போவுது," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடைக்கு ஆள் வந்திருப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.