கண்ணை மூடிக்கொண்டு பார்த்த பேய்ப்படம்

நாற்பது ஓவர்லாக் தையல் மிஷினும் ஒரே நேரத்தில் ஓடும்போது தரையில் ஒரு நடுக்கம் வரும். செருப்பில்லாமல் நின்றால் அது உள்ளங்காலில் ஏறி முழங்கால் வரைக்கும் வந்து நிற்கும். அந்த நடுக்கத்தை எனக்கு யாரும் சொத்தாக எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. குண்டடத்தில் மழை பொய்த்த காட்டை விட்டுவிட்டு அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திருப்பூருக்கு வந்தவன் நான், படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இன்றைக்கு இரண்டு ஷெட், ஒரு நிட்டிங் யூனிட், நாலு வேன், கம்பெனிக்குள்ளேயே ஒரு கேன்டீன், எல்லாம் நானாக எழுப்பியது, பேங்கில் எனக்கு நாற்காலி காட்டாத காலத்தில் எழுப்பியது. இரண்டாவது ஷெட் நிற்கிற இடத்தில்தான் அந்தக் காலத்தில் டென்ட் சினிமாக் கொட்டகை இருந்தது. அந்த இடத்தையும் நான்தான் வாங்கினேன்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், போன வாரம் ஒரு தியேட்டர் வாசலில் என் மானம் போய்விட்டது.

எங்கள் கம்பெனிப் பிள்ளைகள் நச்சரித்ததால் ஒரு புதுப் பேய்ப்படத்துக்குப் போனேன். மலைமேல் ஒரு பழைய மாதா கோயில், ஒரு ஃபாதர், அங்கே பூட்டி வைத்த பேய், இப்படிக் கதை. படம் முடிந்து வெளியே வந்தால் மைக்கை நீட்டிக்கொண்டு நாலைந்து பேர் நிற்கிறார்கள், ஆளாளுக்குக் கருத்துச் சொல்கிறார்கள். 'வேற லெவல்' என்றான் ஒருத்தன். அவன் எனக்கு முன் சீட்டில் இடைவேளைக்கு அப்புறம் முழுக்கப் போனில் கிரிக்கெட் பார்த்தவன். 'பேய்க்கு வெயிட் பத்தலை' என்றது ஒரு பிள்ளை. அது பேய் வந்த போதெல்லாம் பக்கத்தில் இருந்தவன் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது. எங்கள் செக்கிங் டேபிள் ஸ்டீபன், 'ஃபாதர் அப்படியெல்லாம் அங்கி போட மாட்டாருங்க, எல்லாமே தப்புங்க' என்று அங்கியிலேயே நின்றுவிட்டான். தமிழில் ஒரு சொல் புரியாத எங்கள் பீகார்ப் பையன்கூட 'சூப்பர் சார்' என்று கட்டை விரலைக் காட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் மைக்கு என் வாய்க்கு வந்தது. "தாத்தா, படம் எப்படி? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"ஒரே வார்த்தையில சொல்லி நான் ஒருக்கா பட்டது போதும் கண்ணு" என்று ஆரம்பித்து, நின்ற இடத்திலேயே முழுசாகச் சொன்னேன். மைக் பிடித்தவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். மறுநாள் போனில் பார்த்தால் 'பயமாத்தான் இருந்துச்சுங்க' என்று நான் சொன்னதை மட்டும் வெட்டி எடுத்து, கீழே 'குறும்புத் தாத்தா' என்று எழுதிப் போட்டிருக்கிறான். வெட்டி எறிந்ததை இங்கே எழுதுகிறேன், படியுங்கள்.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த பனியன் கம்பெனியில் எனக்கு வேலை லேபிள் பிரிப்பது. எண்பத்தஞ்சு, தொண்ணூறு, தொண்ணூற்றஞ்சு என்று சைஸ் வாரியாக அடுக்கித் தையல்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும். லேபிளில் இருந்த எழுத்தை நான் பார்த்துப் பிரித்ததால், எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று கம்பெனி முழுக்க ஒரு பேச்சு. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமும் ஒரு பனியன் கழுத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் வந்த பெருமையை யாராவது வேண்டாம் என்பார்களா? டென்ட் கொட்டகையில் படம் மாறினால் முதல் நாளே பார்த்துவிட்டு, மறுநாள் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தி நான் கதை சொல்வேன், கைகள் வேலையிலும் காதுகள் என்னிடமும் இருக்கும்.

அந்த வருஷம் ஆடியில் ஒரு வெள்ளைக்காரப் பேய்ப்படம் வந்தது. கடலோரத்தில் ஒரு வீடு, அதில் பேய் பிடித்துப் படுத்திருக்கும் ஒரு பெண், கையில் சிலுவையோடு படியேறி வருகிற கிழட்டு ஃபாதர். ஆள் இல்லாமல் கோயில் மணி தானாக அடித்த இடத்தில் நான் கண்ணை மூடியவன்தான். கொட்டகையே அலறியபோது ஒரு தடவை திறந்தேன். ஃபாதர் படியில் விழுந்து கிடந்தார், பக்கத்தில் சிலுவை கிடந்தது. திரும்ப மூடினேன், லைட் போட்ட பிறகுதான் திறந்தேன்.

மறுநாள் கம்பெனியில் அதையா சொல்வேன்? "சிலுவை வெச்சிருந்தவரைத்தானுங்க பேய் அடிச்சுது. அது சிலுவை இருக்கற பக்கம் தேடித் தேடி வருமாமுங்க. இங்கிலீஷுல அப்படித்தானுங்க சொல்றாங்க" என்றேன்.

எங்கள் கம்பெனியில் சிலுவை போட்டிருந்தது ஒரே ஒருத்தர், ஞானம் அக்கா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர், மோட்டாரில் ஓடும் பவர் டேபிளில் தையல்காரர். கறுப்புக் கயிற்றில் சின்னதாக ஒரு வெள்ளிச் சிலுவை. ஊரில் இரண்டு தங்கச்சிகள் இவர் சம்பளத்தில்தான் படித்தார்கள். தையல்காரர் தைத்துத் தள்ளுகிற பீஸை வாங்கி மடித்து, அடுத்த பீஸை எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த வேலைக்குக் 'கைமடி' என்று பேர். கைமடி இல்லாவிட்டால் தையல்காரர் பாதி ஆள். ஞானம் அக்காவுக்குக் கைமடி சரசக்கா. நான் கதை சொன்ன அன்றைக்கு மத்தியானமே சரசக்கா டேபிள் மாறிவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க ஞானம். நான் ரெண்டு கொழந்தைய வெச்சுருக்கறனுங்க" என்றார், மரியாதை குறையாமல்.

வேறு யாரும் அந்த டேபிளுக்கு வரவில்லை. ஞானம் அக்கா தானே தைத்து, தானே எழுந்து மடித்து, தானே அடுக்கினார். தைத்த பீஸ் தரையில் விழுந்து குவிந்தது. மூன்றாம் நாள், எங்களை வேலைக்கு வைத்திருந்த கண்ட்ராக்டர் வந்து நின்றார். "ஆளு நிக்க மாட்டேங்குதே அம்மிணி. அந்தக் கயித்தக் கழட்டி வெச்சுட்டு வாங்க. இல்லாட்டிச் சனிக்கிழமையோட நின்னுக்கங்க."

"இதக் கழட்ட மாட்டேன், அண்ணாச்சி" என்றார் அக்கா. சாப்பாட்டு நேரத்தில் நேராக என்னிடம் வந்தார்.

"ஏலே, படத்துல அப்படியா சொல்லுதான்?"

"ஆமாங்க்கா."

"சத்தியமா?"

நான் லேபிளை அடுக்கினேன். எண்பத்தஞ்சும் தொண்ணூறும் கலந்துபோனது.

"அப்பம் நானும் பாக்கேன்" என்றார். அந்தப் பேச்சின் கனம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. அவர்கள் சபையில் சினிமா பார்ப்பது பாவம். அதுவரை அவர் கொட்டகை வாசலை மிதித்ததே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் ஆட்டத்துக்குச் சரசக்காவையும் இன்னும் ஏழெட்டுப் பெண்களையும் கையோடு கூட்டிவந்தார், மணல் தரையில் நடுவில் என்னை உட்கார வைத்தார். படத்தில் மணி தானாக அடித்தது. நான் முழங்காலுக்குள் தலையைக் கொடுக்கப் போனேன்; அக்கா தாடையைப் பிடித்து நிமிர்த்திவிட்டார்.

"தொறந்து பாருலே. நீதான இங்கிலீஷு."

பார்த்தேன். ஃபாதர் விழுந்தார், சிலுவை உருண்டது. பேய் பிடித்த பெண்ணே எழுந்து வந்து அந்தச் சிலுவையை எடுத்தாள், அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்து விடிகிறது, ஜன்னல் திறந்திருக்கிறது, அவள் மேஜையில் உட்கார்ந்து ஒரு கிண்ணத்தில் கஞ்சி மாதிரி எதையோ குடிக்கிறாள். படம் முடிந்தது.

"சொகமாயிட்டுல்லா?" என்றார் ஞானம் அக்கா. "கஞ்சி குடிக்கால்லா? அத ஏம்ல சொல்லல?"

"அட ஆமாங்க, நல்லாத்தான் குடிக்குது" என்றார் சரசக்கா.

"நான் கண்ண மூடிட்டனுங்க்கா" என்றேன். கூடவே, "இங்கிலீஷும் தெரியாதுங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். "பயந்தேன்னு சொல்லிருந்தா நானும் ஒங்கூடப் பயந்திருப்பேம்ல, அவ்வளவுதான?" என்றார், மணலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

சனிக்கிழமை காலை துணி பண்டல் மேல் ஏறி நின்று எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன், கண்ணை மூடியதிலிருந்து கஞ்சி வரைக்கும். கண்ட்ராக்டர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை தெறித்தது; அக்காவை வேலையிலிருந்து நிறுத்தும் பேச்சை அவர் அதற்கப்புறம் எடுக்கவில்லை. சரசக்கா பழைய டேபிளுக்கே போனார். ஆனாலும் இரண்டு நாள் அந்தக் கயிற்றை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் மடித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானம் அக்கா தன் கோயிலில் முழங்கால் போட்டு என்ன சொன்னாரோ, எனக்குத் தெரியாது. எனக்கு வாய்த்த இங்கிலீஷ்காரன் பட்டம் அன்றோடு போனது. கம்பெனி கம்பெனியாக ஆள் வந்து பார்த்ததால் கொட்டகைக்காரர் அந்தப் படத்தை இன்னும் நாலு நாள் ஓட்டினார். அதுவும் என் வாயால்தான்.

கொட்டகை போய்விட்டது, மணல் தரைக்கு மேல் நான் சிமென்ட் போட்டுவிட்டேன். ஞானம் அக்கா தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்த பிறகு ஊருக்கே போய்விட்டார். என் ஷெட்டில் இப்போது யாரும் யாருக்கும் கதை சொல்வதில்லை. ஆளுக்கொரு இயர்போன், ஆளுக்கொரு கருத்து.

மைக் பிடித்த தம்பி, உனக்குத்தான் சொல்கிறேன். குறும்புத் தாத்தா என்று ஒருத்தன் இல்லை. என் பேர் சென்னியப்பன். நீ வெட்டினதை எடுத்த இடத்தில் ஒட்டிப் போடு, ஞானம் அக்கா பேரையும் சேர்த்துப் போடு. அந்தப் படத்தைத் தப்பாகச் சொன்னவனும் நான்தான், பண்டல் மேல் ஏறித் திருத்திச் சொன்னவனும் நான்தான். இரண்டையும் என் பேரிலேயே போட வேண்டும்.