மகள் கூப்பிட்டாள், நான் போனேன்

உங்களில் பலர் என்னை இந்தப் பலகை வண்டியில்தான் பார்த்திருக்கிறீர்கள். இதற்கு முன் நான் நடந்தவன். நடந்தவன் மட்டுமல்ல, விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறும் வரை பனை பனையாக ஏறி இறங்கியவன். என் பெயர் ஞானமுத்து. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகிற பாதையை விட்டு, மணலுக்குள் இருக்கிறது எங்கள் ஊர். ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சபையில் சொல்ல வேண்டும் என்று உபதேசியார் பல தடவை கேட்டார். எனக்கு நா எழவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

1908-ஆம் வருஷம், வைகாசி மாதம். பனை உச்சியில் பாளை சீவிக்கொண்டிருந்தேன். பிடித்திருந்த மட்டை முறிந்தது. விழுந்தது எனக்கு நினைவில்லை. கண் திறந்தபோது வாய் நிறைய மணல். எழும்பப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே வேறு யாருடைய உடம்போ கிடப்பது போல இருந்தது.

மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. என் மனைவி பாக்கியத்தை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அவள் திரும்பி வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். இனி நடக்க மாட்டேன் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருஷம் கட்டிலில் கிடந்தேன். கிடையாய்க் கிடந்தவர்களுக்குத் தெரியும் அது என்ன வாழ்க்கை என்று. இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்தது. ஒன்று ஆறினால் இன்னொன்று வரும். மலஜலம் போவதுகூட ஆரம்பத்தில் எனக்குத் தெரியாது. பாக்கியம் கழுவுவாள், புரட்டிப் போடுவாள், வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் புண்ணைத் துடைப்பாள். பிறகு அடுத்தவர்கள் பதநீர் காய்ச்சும் அடுப்புக்கு வேலைக்கு ஓடுவாள். எங்கள் மகள் எஸ்தர் அப்போது சின்னப் பிள்ளை. என்னைப் பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்தாமல் இருக்கப் பாடுபடுவார்கள். கொஞ்ச நாளில் வருவதையே விட்டுவிட்டார்கள். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

நாள் தவறாமல் ஜெபித்தேன். ஒரே ஜெபம்தான். கால் வேண்டும் ஆண்டவரே, கால் வேண்டும்.

1910, மாசி மாதம். ஊருக்குள் வாந்திபேதி வந்தது. ஒரு நாள் காலையில் பாக்கியம் வேலைக்குப் புறப்பட்டு வாசல் வரை போனாள். அங்கேயே உட்கார்ந்தாள். வாந்தி எடுத்தாள். பிறகு சாய்ந்துவிட்டாள். எஸ்தர் என் அக்கா வீட்டில் இருந்தாள். தெருவில் பாதிப் பேர் பனங்காட்டுக்குப் போயிருந்தார்கள். மீதிப் பேர் நோய்க்குப் பயந்து கதவைச் சாத்தியிருந்தார்கள்.

“இங்கேருங்க, தண்ணி” என்றாள்.

நான் கத்தினேன். தொண்டை கட்டும் வரை கத்தினேன். யாரும் வரவில்லை. கட்டிலிலிருந்து என்னை நானே உருட்டித் தள்ளிக்கொண்டேன். முழங்கையை ஊன்றி ஊன்றி அடுப்படிக்கு ஊர்ந்தேன். பானையைச் சரித்துச் செம்பில் தண்ணீர் பிடித்தேன். செம்பைக் கையில் பிடித்தால் ஊர முடியாது. விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டேன். ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீர் சிந்தியது. நான் அவளிடம் போய்ச் சேர்ந்தபோது செம்பில் ஈரம்தான் இருந்தது. விரலால் தொட்டு அவள் உதட்டில் வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உச்சிவெயிலுக்கு முன்னே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் உபதேசியார் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஜெபம் பண்ணுவோமா, ஞானமுத்து?”

“வேண்டாம் ஐயா. எனக்காவ ஒண்ணும் கேக்காதிய.”

அவர் வற்புறுத்தவில்லை. என் போர்வையைச் சரியாக்கிவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு நான் ஜெபிக்கவில்லை. அக்கா ஒருவேளை கஞ்சி கொண்டுவருவாள். மச்சான் இரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து கழுவிவிடுவார். எஸ்தர் கட்டிலுக்கு அடியில் விளையாடுவாள். அவள் தடுக்கி விழுந்து அழுதால் நான் மேலிருந்து “அழாதே” என்று சொல்வேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஆனி மாதத்தில் ஒரு நாள் அக்கா கஞ்சியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“தம்பி, எஸ்தரைப் பாளையங்கோட்டை போர்டிங்ல சேத்திருவோம்லே. நீ எப்பிடிப் பாக்கப் போற? என் வீட்டுல நாலு கெடக்கு. நானும் எத்தனை நாளைக்கு ஓடுவேன்?”

“எப்ப?”

“வார புதங்கிழமை கூட்டிட்டுப் போறேன்” என்றாள். அழுதுகொண்டே போனாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. அன்று மத்தியானம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, நான்கு மாதத்துக்குப் பிறகு ஜெபித்தேன். இந்தத் தடவை கால் கேட்கவில்லை. “பிள்ளை கூப்பிட்டால் அவள் கிட்டே நான் போக வேண்டும். அதற்கு ஒரு வழி காட்டும். முடியாதென்றால் என்னை எடுத்துக்கொள்ளும்” என்றேன். விசுவாசத்தோடு கேட்டேன் என்று சொன்னால் அது பொய். வேறு யாரிடமும் கேட்க வழியில்லாமல்தான் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை, வாசலில் ஒரு குரல். மேலப்பாளையத்திலிருந்து துணி விற்க வருகிற சாயபு. வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

“பாக்கியத்தம்மா இல்லியா?” என்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

எஸ்தர் வெளியே போயிருந்தாள். கட்டிலிலிருந்து இறங்கி, முழங்கையில் சாக்குத்துணி சுற்றிக்கொண்டு, வாசலுக்கு ஊர்ந்து போய்ச் சொன்னேன். துணி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு அவர் என் எதிரே தரையில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்கையைப் பார்த்தார். சாக்குத்துணியில் ரத்தம் ஊறியிருந்தது.

“எங்க காக்காவுக்கும் இப்பிடித்தான் வே” என்றார். அவர்கள் வீட்டில் அண்ணன் காக்கா, தாய் உம்மா, சாவு மௌத்து. “சின்னதுலயே காய்ச்சல்ல கால் சூம்பிப் போச்சு. ஒரு ஆசாரிகிட்டச் சொல்லி, சக்கரம் வச்ச பலகை செஞ்சோம். அதுலதான் கடைசி வரைக்கும் போனாக, வந்தாக. போன மாசம் மௌத்தாயிட்டாக. அந்தப் பலகை வீட்டுல கெடக்கு. பாத்தா உம்மா அழுதாக. அடுப்புல வைக்கவும் யாருக்கும் மனசு வரல.”

நான் கையை மடக்கி ரத்தத்தை மறைத்தேன்.

“வியாழக்கிழமை கொண்டாறேன்” என்றார். விலை கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

புதன்கிழமை அக்கா வந்தாள். எஸ்தருக்குத் தலை சீவிப் பொட்டலம் கட்டினாள். “ஒரு வாரம் பொறு அக்கா” என்று விஷயத்தைச் சொன்னேன்.

“வண்டி வந்தா கால் வந்திருமாலே?” என்றாள். இருந்தாலும் பொட்டலத்தை அவிழ்த்து வைத்தாள்.

வியாழக்கிழமை அவர் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. சனிக்கிழமை பொழுது சாயும் நேரம் ஒரு மாட்டுவண்டி தெருமுனையில் நின்றது. மணலில் மாடு மக்கர் பண்ணியதால் சாயபு அந்தப் பலகையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

ஒரு சாண் உயரம். நான்கு மரச்சக்கரங்கள், அவற்றைச் சுற்றி இரும்புப் பட்டை. முதுகு சாய ஒரு பலகை. இடுப்பைக் கட்ட ஒரு தோல்வார். தரையை ஊன்றித் தள்ள, கைப்பிடி வைத்த இரண்டு கட்டைகள். அந்தக் கைப்பிடிகள் இன்னொரு மனிதனின் உள்ளங்கை பட்டு வழவழவென்று தேய்ந்திருந்தன. என்னைத் தூக்கி அதில் உட்காரவைத்து, வாரைக் கட்டிவிட்டுச் சாயபு சொன்னார்:

“ஒரே இருப்பா இருந்திராதீரும். அப்பப்பக் கையை ஊணி ஒடம்பைத் தூக்கிக்கிடும். இல்லைன்னா புண்ணு வந்திரும். காக்கா அப்பிடித்தான் செய்வாக.”

ஆஸ்பத்திரியிலும் யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. அதைச் செய்யத் தொடங்கிய பிறகுதான் என் புண் ஆறியது.

செத்தவன் சாமான், அதுவும் வேற்று மார்க்கத்தான் சாமான் என்று சபையிலேயே சிலர் முணுமுணுத்தார்கள். உபதேசியார் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பலகையின் மேல் கை வைத்து, இறந்துபோன அந்த மனிதருக்காகவும் அவர் தாயாருக்காகவும் ஜெபித்தார். நான் ஆமென் சொன்னேன்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் வாரம் மூன்று தடவை கவிழ்ந்தேன். உள்ளங்கை கொப்பளித்தது. வீட்டுக்குள்ளே தரை கெட்டி, அங்கே போகலாம். தெருவில் இறங்கினால் சக்கரம் மணலில் புதைந்துவிடும். யாராவது இழுத்துவிட வேண்டும். ஆனால் அடுப்பும் தரையில், வண்டியும் தரையோடு தரை. கஞ்சி வைக்கப் பழகினேன். எஸ்தருக்குத் தலை பின்னப் பழகினேன். அவள் போர்டிங்குக்குப் போகவில்லை.

1911 ஐப்பசியில் மறுபடியும் வாந்திபேதி. முதலில் அக்கா வீட்டில்தான். அவளுடைய கடைசிப் பையன் போனான். மறுநாள் அக்காவும் போனாள். பாக்கியம் போன பிறகு எனக்குக் கஞ்சி சுமந்த அக்கா. அடக்கத்துக்குப் போன எஸ்தர் அடுத்த நாள் காலையில் சுருண்டு படுத்தாள்.

“அப்பா” என்றாள்.

நான் போனேன். தண்ணீர் கொண்டுபோனேன், சிந்தாமல். ஊட்டியதையெல்லாம் வாந்தியாக எடுத்தாள். கண் உள்ளே போய்விட்டது. விரல் நுனி தோல் சுருங்கிவிட்டது. இதே முகத்தை நான் ஒரு தடவை பார்த்தவன். உபதேசியார் வீட்டில் ஆஸ்பத்திரி மருந்து இருக்கிறது என்று தெரியும். அவர் வீடு தெருவின் மறுகோடி. அனுப்ப ஆளில்லை. பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கினேன், மணலில் புதையப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே.

புதையவில்லை. மூன்று நாள் மழையில் மணல் இறுகிக் கிடந்தது. தள்ளினேன். உருண்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மழையைத்தான் நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

உபதேசியார் மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார். “கொதிச்ச தண்ணி, உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி, வாந்தி எடுத்தாலும் விடாமக் குடும்” என்றார். மற்ற வீடுகளுக்கும் அவர் போக வேண்டியிருந்தது. இரண்டு பகலும் இரண்டு இரவும் அடுப்புக்கும் பாய்க்குமாக உருண்டுகொண்டிருந்தேன். கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் எஸ்தர், “கஞ்சி உப்பா இருக்கு” என்றாள். வண்டியில் உட்கார்ந்தபடியே அழுதேன்.

பாக்கியம் ஏன் போனாள், எஸ்தர் ஏன் பிழைத்தாள், அக்கா என்ன பாவம் செய்தாள் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. ஆண்டவரிடம் நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நான் என்ன கேட்டேனோ, அதை அவர் கொடுத்தார். அது மட்டும் எனக்குத் தெரியும்.

எஸ்தர் பிழைத்து இப்போது மூன்று வருஷம் ஆகிறது. மச்சான் பனைக்குப் போனால் அக்காவின் மூன்று பிள்ளைகளுக்கும் நான்தான் கஞ்சி ஊற்றுகிறேன். மேலப்பாளையத்து உம்மா உயிரோடிருந்த வரை, சாயபு வரும்போதெல்லாம் “பலகை ஓடுதா?” என்று கேட்டு அனுப்புவார்கள். ஓடுகிறது என்று சொல்லி அனுப்புவேன். அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபிக்காமல் நான் சாப்பிட உட்காருவதில்லை.

அன்பானவர்களே, நம்பினால் நடப்பீர்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நான் நடக்கவில்லை. ஆனால் கேளுங்கள். பெரிதாகக் கேட்க முடியாவிட்டால் சின்னதாகக் கேளுங்கள். விசுவாசம் இல்லாவிட்டால் அதையும் சொல்லிக் கேளுங்கள். உங்கள் தெருவில் யாரோ ஒருவர் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடப்பார். நாற்றத்துக்குப் பயந்து நீங்கள் போகாமல் இருப்பீர்கள். உங்களைக் கடிந்துகொள்ள வரவில்லை. ஆராதனை முடிந்ததும் நான் கோயில் வாசலில்தான் இருப்பேன். எந்த வீடு என்று மட்டும் சொல்லுங்கள். மணல் வரும் இடத்தில் கொஞ்சம் தள்ளிவிடுங்கள். நான் வருகிறேன்.