விரத ஞாயிற்றில் குடித்த தண்ணீர்

நிருஜன் லோறன்சுக்கு அப்போது இருபது வயது. ஆனால் அவன் சட்டையில் குத்தியிருந்த கறுப்புப் பெயர்ப்பட்டியில் ‘மூப்பர் லோறன்ஸ்’ என்று நோர்வே மொழியில் எழுதியிருந்தது. மீசைகூட ஒழுங்காக முளைக்காதவனை மூப்பர் என்று அழைப்பது மோர்மன் சபையின் வழக்கம். ஊழியத்துக்குப் புறப்படும் பையன்கள் எல்லாருக்கும் அதே பட்டம்தான். கனடாவில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை அவன். வீட்டுக் கதவைத் தட்டிய இரண்டு வெள்ளைச் சட்டைப் பையன்களை நம்பித்தான் தாயும் தகப்பனும் ஒரு காலத்தில் அந்தச் சபையில் சேர்ந்தார்கள். ஆகவே கதவு தட்டும் முறை மகனுக்கு வந்தபோது வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை. 2006ஆம் ஆண்டு சபை அவனை ஒஸ்லோவுக்கு அனுப்பியது.

இரண்டு வருட ஊழியம். சம்பளம் கிடையாது. தனியாக எங்கும் போகக் கூடாது. கழிப்பறையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் கூட்டாளி பக்கத்தில் இருக்க வேண்டும். நிருஜனுக்கு வாய்த்த கூட்டாளி விட்லாக், அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து மாட்டுப்பண்ணையில் பிறந்தவன். ஆள் தென்னை உயரம், பேச்சு மட்டும் குறைவு. சபை கொடுத்த விதிமுறைப் புத்தகம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். தொலைக்காட்சி பார்க்கக் கூடாது, தேத்தண்ணி, கோப்பி தொடக் கூடாது, வேறு ஆண் இல்லாத வீட்டில் தனியே இருக்கும் பெண்ணைப் பார்க்க உள்ளே போகக் கூடாது. நிருஜன் ஏதாவது ஒன்றில் சறுக்கப் பார்த்தால் விட்லாக் தொண்டையைச் செருமுவான். அந்தச் செருமலுக்கே நிருஜன் பாதி வாழ்க்கையைத் திருத்திக்கொண்டான் எனலாம்.

திங்கட்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள் என்று பெயர். உடுப்புத் தோய்ப்பது, ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் மலிவான பாணும் பழுப்புச் சீஸும் வாங்குவது, நூலகத்துக் கணினியில் அம்மாவுக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் அந்த ஒரு நாளுக்குள் முடிய வேண்டும். மற்ற நாட்களில் தெருவும் மாடிப்படியும்தான். வியாழன் மாலை இலவச ஆங்கில வகுப்பு நடத்துவார்கள். சோமாலியரும் பாகிஸ்தானியரும் வருவார்கள், இலக்கணம் படிப்பார்கள், யேசுவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் போய்விடுவார்கள். சனிக்கிழமைகளில் யாராவது கிழவருக்கு வாசல் பனி அள்ளிக் கொடுத்தால் அதுவே அந்த வாரத்துப் பெரிய வெற்றி.

நோர்வேக்காரர் யாரையும் திட்டி அனுப்புவதில்லை. கதவைக் கால்வாசி திறந்து, "வேண்டாம், நன்றி" என்று சொல்லி, பூவை வைப்பது போல மெதுவாக மூடுவார்கள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அப்படி நன்றி கேட்டால் எந்த மனிதனும் சோர்ந்துபோவான். ஆனால் நிருஜன் நன்றியுள்ள பிள்ளை. தான் குளிரில் ஓடி வருவதைப் பார்த்துப் பேருந்தை நிறுத்தி வைத்திருந்த சாரதி, ஓட்டைச் சப்பாத்தைக் கண்டு தன் பேரனின் கம்பளிக் காலுறையைக் கொண்டுவந்து தந்த கிழவி என்று ஒவ்வொருவரையும் இரவுச் செபத்தில் சொல்லிச் சொல்லி நன்றி செலுத்துவான். பக்கத்தில் முழங்காலில் நிற்கும் விட்லாக் சில நாட்களில் தூங்கியே போவான்.

மாதத்தின் முதல் ஞாயிறு சபையாருக்கு விரதம். முதல்நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சோறு மட்டுமல்ல, தண்ணீரும் கிடையாது. மாலையில் செபம் செய்துதான் முடிக்க வேண்டும். ஒரு வேண்டுதலை வைத்து விரதம் இருப்பது வழக்கம். அந்த நவம்பர் ஞாயிற்றில் இருவரும் வைத்த வேண்டுதல் சின்னது: ஒரே ஒரு வீட்டுக் கதவு திறக்க வேண்டும். மூன்று வாரமாக ஒருவர்கூட அவர்களோடு இரண்டு நிமிடம் நின்று கதைக்கவில்லை. இப்படியே போனால் தை மாதத்துக்குள் தான் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன் என்று நிருஜனுக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. அதை அவன் விட்லாக்கிடம்கூடச் சொல்லவில்லை.

ஆராதனை முடிந்து ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். மேல்மாடியில் தொடங்கி இறங்கிக்கொண்டு வருவது அவர்கள் தொழில்முறை. எந்த வீட்டில் எது கேட்டாலும் அடுத்தது இறக்கம்தான் என்பதில் ஓர் ஆறுதல். நான்காவது மாடி, மூன்றாவது மாடி எல்லாம் பூப்போல மூடின. இரண்டாவது மாடியில் ஒரு கதவில் சோதிலிங்கம் என்ற பெயரைக் கண்டதும் நிருஜனின் நெஞ்சு துள்ளியது. மணியை அடித்தான். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் கதவை முழுதாகவே திறந்தார். அவர்தான் உதயகுமாரி. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை, ஞாயிறு அவருக்கு லீவு.

"வணக்கம் அன்ரி" என்றான் நிருஜன்.

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அல்லேலூயாக் கூட்டமோ என்று பகிடியாகக் கேட்டார். வெள்ளைக்காரனோடு திரிகிற தமிழ்ப் பிள்ளையை இன்றுதான் காண்கிறேன் என்றார். எந்த ஊர், ஆருடைய மகன் என்று விசாரித்தார். பெரியவர்கள் சந்தித்தால் முதலில் கேட்பது அதுதான் என்று அம்மாவின் சிநேகிதிகளைப் பார்த்துப் பழகியவன் நிருஜன். மரியாதையாக இருக்கட்டும் என்று அவனும் திருப்பிக் கேட்டான்: "நீங்கள் ஊரிலை எந்த இடம் அன்ரி?" அவர் ஒரு கணம் தயங்கி, ஊரின் பெயரையும் அதில் தங்கள் பகுதியின் பெயரையும் சொன்னார். அவனுக்கு அந்தப் பெயர் ஒன்றையும் சொல்லவில்லை. ஓம் ஓம் என்று தலையாட்டி வைத்தான்.

உள்ளே வரச் சொன்னார். அங்கிள் வீட்டில் நிற்கிறாரா என்று கேட்டான். பேருந்து ஓட்டப் போய்விட்டார், பின்னேரம்தான் வருவார் என்றார். அப்படியென்றால் உள்ளே வர முடியாது, இதிலேயே நிற்கிறோம் என்றான் நிருஜன். சரி, தேத்தண்ணி கொண்டு வாறன் என்றார். தேத்தண்ணி குடிப்பதில்லை என்றான். அப்போ தண்ணியாவது குடியுங்கோ என்றார். இன்றைக்கு விரதம் என்றான்.

மூன்றும் உண்மை. மூன்றையும் புன்னகையோடுதான் சொன்னான். ஆனால் உதயகுமாரியின் சிரிப்பு நின்றுவிட்டது. கதவுப்பிடியை ஒரு கையால் பற்றிக்கொண்டு, சத்தம் உயராமல் கதைத்தார்.

"ஊரிலையும் இப்பிடித்தான் தம்பி. முதல்லை எந்த இடமெண்டு கேப்பினம். பிறகு வெளியிலை படலையிலை நிண்டு கதைச்சிட்டுப் போவினம். தண்ணி குடுத்தால், எங்கட வீட்டுக்கு வாற எல்லாருக்கும் அண்டைக்கு விரதமாத்தான் இருக்கும்." பிறகு, அவன் கண்ணைப் பார்த்துக் கேட்டார்: "யேசுவைக் கொண்டு வாறவைக்குமா அதே விரதம் தம்பி?"

கனடா வீட்டில் கலியாணப் பேச்சு வரும்போது பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவதும், அம்மா பிள்ளைகளை மற்ற அறைக்கு அனுப்புவதும் நிருஜனுக்குத் தெரியும். அந்தத் தாழ்ந்த குரலில் என்ன இருந்தது என்று இன்றுதான் விளங்கியது. அன்ரி, அப்படியில்லை, இது சபை விதி என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லிப் பயனில்லை என்று அவனுக்கே தெரிந்தது. எல்லாரிடமும் ஒரு காரணம் இருந்திருக்கும், இவரும் அதையெல்லாம் கேட்டுத்தான் இருப்பார். ஒரு கதவு திறக்க வேண்டும் என்று பட்டினி கிடந்தவன், திறந்த கதவின் முன்னால் நின்று அந்த மனிசியை அவமதித்துவிட்டான்.

உள்ளே போக முடியாது. தேத்தண்ணி குடிக்க முடியாது. ஆனால் விரதம் அவனுக்கும் ஆண்டவருக்கும் இடையிலான விடயம். ஆண்டவர் பொறுத்துக்கொள்வார், அன்ரி இனியும் பொறுக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. விட்லாக்கிடம் ஆங்கிலத்தில் நான்கு வசனத்தில் விடயத்தைச் சொன்னான். செருமலை எதிர்பார்த்தான், அது வரவில்லை. பிறகு மாடிப்படியில் அமர்ந்துகொண்டு, "அன்ரி, தண்ணி தாங்கோ. இதிலை இருந்தே குடிக்கிறன்" என்றான்.

உதயகுமாரி உள்ளே போய், திறக்காத சோடாப் போத்தல் ஒன்றோடு வந்தார். தங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொடாதவர்களுக்கு மூடி கழற்றாத சோடா கொடுப்பது ஊர் வழக்கம். கடைக்காரன் அடைத்தது என்பதால் அதைக் குடித்தால் குற்றமில்லையாம். நிருஜனுக்கு அது தெரியாது.

"சோடா வேண்டாம் அன்ரி, வெறுவயிறு" என்றான். "உங்கட குசினித் தண்ணி போதும்."

அவர் போத்தலைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அதற்குள் விட்லாக், அந்த நெடுமரம், தொம்மென்று பக்கத்துப் படியில் அமர்ந்து, தனக்கும் தாகம், தனக்கும் தண்ணீர் கிடைக்குமா என்று அரைகுறை நோர்வே மொழியில் கேட்டான்.

இரண்டு கண்ணாடிக் கிளாசுகள் வந்தன. நிருஜன் மடமடவென்று குடித்து இன்னும் ஒன்று கேட்டான். கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று அவர் விசாரித்தார். நேற்று இரவு என்று தெரிந்ததும் அவருடைய கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. வளர்ற பிள்ளையளைப் பட்டினி போடுற சபையும் ஒரு சபையோ என்று பேசிக்கொண்டே பிட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்தார். சாப்பாட்டுக் கோப்பைகளை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் கையால் சாப்பிட்டார்கள். விட்லாக்கின் கழுத்துப்பட்டியில் குழம்பு சொட்டியது. நாயோடு படியேறிய நோர்வேக்காரக் கிழவர், நன்றாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லி அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

உதயகுமாரி அந்தச் சபையில் சேரவில்லை. சமையலறையில் முருகன் படத்துக்கு விளக்கேற்றுகிறவர், இன்றைக்கும் ஏற்றிக்கொண்டுதான் இருப்பார். அதைப் பற்றி நிருஜனுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த நகரத்தில் தனக்குக் கிடைத்த எல்லா நன்மையிலும் பெரியது அந்தக் கிளாஸ் தண்ணீர் என்று அவன் மனதார நினைத்தான். அது குடிக்கத் தந்ததற்காக மட்டுமல்ல, தன்னைக் குடிக்க விட்டதற்காகவும்தான். விரதத்தைச் செபத்தோடு முடிக்க வேண்டும் என்பது பாதிப் பிட்டுப் போன பிறகே நினைவுக்கு வந்தது. வாயில் மீனோடு கண்ணை மூடி, நன்றி ஆண்டவரே என்று மட்டும் சொல்லிக்கொண்டான்.

பேருந்துச் சாரதிச் சீருடையோடு சோதிலிங்கம் படியேறி வந்தபோது அவர்கள் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை. அவர் திகைத்து நின்றார்.

"ஏன் பிள்ளையளை வெளியிலை இருத்தி வைச்சிருக்கிறாய்?"

"நீங்கள் இல்லாமல் உள்ளை வரேலாதாம், அவையின்ரை சட்டம்" என்றார் உதயகுமாரி. பிறகு, அவர் கேட்காமலே சொன்னார்: "ஆனா எங்கட தண்ணி குடிச்சவை. எங்கட கோப்பையிலை சாப்பிட்டவை."

சோதிலிங்கம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு படியில் இருந்த இருவரையும் பார்த்தார். இப்போது அவர் வந்துவிட்டார், எல்லாரும் தாராளமாக உள்ளே போகலாம். ஆனால் அவர் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, நிருஜனுக்குப் பக்கத்தில் அதே படியில் அமர்ந்தார்.

"எனக்கும் இஞ்சையே போட்டுக் கொண்டு வா" என்றார்.