சூடேறினால் நின்றுவிடும் கார்

நீங்கள் பொய் சொன்னீர்கள். காரில் ஒரு பிழையும் இல்லை என்று பொலிஸ் நிலைய முற்றத்தில் நின்று சொன்னீர்களே, அது பொய். அந்தப் பிழை இப்போது என் மேசையில் கிடக்கிறது. பெருவிரல் அளவில் ஒரு கறுப்புச் சாமான், வெடித்துப்போன வயர் ஒன்று வால்போல. எஞ்சின் சுற்றுவதை அறிந்து சொல்லும் சென்சர் இது. இது சொன்னால்தான் எஞ்சினில் நெருப்புப் பொறி பிறக்கும். சூடேறினால் ஊமையாகிவிடும். ஆறினால் ஒன்றுமே நடக்காததுபோல வேலை செய்யும். வாகனப் பரிசோதகராக வேலை பார்த்த உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

என் அத்தானைத்தான் உங்களுக்கு விளக்க வேண்டும். அத்தான் என் அக்காவின் கணவர். கொழும்பில், வெள்ளவத்தையில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். மருந்துக் கம்பனியொன்றின் விற்பனைப் பிரதிநிதி. சத்தமாகச் சிரிப்பார், சட்டையில் குழம்பு சிந்தாமல் அவருக்குச் சாப்பிடத் தெரியாது. பழைய ஜப்பான் கார் ஒன்று வைத்திருந்தார். யுத்தம் கடுமையாக இருந்த வருடங்கள் அவை. எங்கே போனாலும் இராணுவச் சோதனைச்சாவடி, அதற்கு முன்னால் நீண்ட வரிசை. எங்கள் கார் வேறு எங்கும் மக்கர் பண்ணாது. அந்த வரிசையில் காத்திருக்கும்போது மட்டும் திடீரென்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே பிடிக்கும்.

“இது அசல் தமிழ்க் கார். ஆமியைக் கண்டா இதுக்கும் நெஞ்சை அடைக்குது” என்பார் அத்தான்.

“அப்ப அதுக்கும் ஒரு ஐடென்டிட்டி காட் எடுத்துக் குடுங்கோவன், ஓடும்” என்பாள் அக்கா.

வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தோம். சோதனைச்சாவடியைக் கண்டால் எங்களுக்கும் பயம்தான். ஆகவே கார் அங்கே நிற்பது எங்களில் ஒருவருக்கும் விசித்திரமாகப் படவில்லை. வெயிலில், ஓடாமல், எஞ்சின் இயங்கிக்கொண்டே நிற்கிற இடம் அது ஒன்றுதான் என்று யோசிக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

மருதானையில் நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் மெக்கானிக் ஒருவர் இருந்தார். “எங்க எங்க நிக்கிதுண்டு சரியாச் சொல்லுங்க தொர” என்று அத்தானைக் கேட்டார். அத்தான் சொல்லவில்லை. பக்கத்தில் நாலு பேர் தங்கள் வாகனங்களோடு நின்றார்கள். ‘என்னுடைய கார் சோதனைச்சாவடியில் நின்றுவிடுகிறது’ என்று ஒரு தமிழன் கராஜில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய காலமா அது? “சும்மா, சில சில இடத்தில” என்றார். நானா பிளக் மாற்றினார், பெட்ரோல் பம்ப் மாற்றினார், டாங்கியைக் கழுவினார். காலையில் வெறும் ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் கார் தங்கமாக ஓடியது.

நாங்கள் சைவமென்றாலும் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்துக்குப் போவோம். அப்படியொரு செவ்வாய், உச்சி வெயிலில் நானும் அத்தானும் திரும்பி வந்துகொண்டிருந்தோம். யாரோ பெரிய ஆள் போவதற்காக வீதியை மறித்துவிட்டார்கள். வெகுநேரம் நின்றோம். பிறகு, அந்த ஆள் வருவதற்குள் வீதி காலியாக வேண்டுமென்று விசில் ஊதி எல்லா வாகனங்களையும் போகச் சொன்னார்கள். முன்னால் நின்றவை போய்விட்டன. எங்கள் கார் செத்துவிட்டது. “யன்ன! யன்ன!”, போ போ என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு காவலுக்கு நின்றவர்கள் துப்பாக்கியோடு ஓடி வந்தார்கள். அத்தான் கைகளை உயர்த்தியபடி இறங்கினார். “கெடிலா சேர், கெடிலா” என்றார். பழுதாகிவிட்டது என்று அவருக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினார். பெரிய ஆள் வருகிற வழியை மறிக்க வேண்டுமென்றே நிறுத்தினாய் என்றார்கள். என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். அத்தான் வெயிலில் கொதித்த பொனட்டைப் பார்த்தார்; சூடுதான் காரணம் என்று அப்போதுதான் பிடிபட்டிருக்க வேண்டும். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

“நீ பஸ்ஸில போ பிள்ளை. அக்காவைப் பயப்பிட வேண்டாமெண்டு சொல்லு. கார் ஆறினவுடன நான் வாறன்.”

மறுநாள் காலையில் பொலிஸ் நிலைய வாசலில் அக்காவும் நானும் நின்றோம். முற்றத்தில் கார் நின்றது, கண்ணாடியில் பனி. நீங்கள் வந்தீர்கள். அத்தானையும் வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். நீங்கள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினீர்கள். முதல் திருப்பிலேயே பிடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ தடவை நாங்கள் கைதட்டியிருக்கிறோம். அன்றைக்கு அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். “சூடானாத்தான் சேர் நிக்கும், கொஞ்சம் ஓட விட்டுப் பாருங்கோ” என்று தமிழிலேயே கத்தினார். யாரோ மொழிபெயர்த்தும் சொன்னார்கள், நான் கேட்டேன். நீங்கள் சாவியைத் திருப்பி அணைத்தீர்கள். பிழை எதுவும் இல்லை என்றீர்கள். காரில் பிழை இல்லையென்றால் ஆளில்தான் பிழை என்று அவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். அக்கா சோற்றுப் பார்சலோடு போய்வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள். பிறகு, விட்டுவிட்டோமே, வீட்டுக்கு வரவில்லையா என்று எங்களையே கேட்டார்கள்.

காரை மட்டும் திருப்பித் தந்தார்கள். நானாவிடம் கொண்டுபோனேன். இந்தத் தடவை ஒன்றையும் மறைக்காமல், எங்கே நிற்கும் என்று சொன்னேன். நானா பொனட்டை மூடி, கராஜ் வாசலில் வெயிலில் காரை ஓடாமல் இயங்க விட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். நின்றது. சாவியைத் திருப்பத் திருப்ப எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. பொனட்டைத் திறந்து ஒரு கோப்பை பச்சைத் தண்ணீரை இந்தச் சென்சரின் மேல் ஊற்றினார். திருப்பினார். பிடித்தது. நானா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். “தங்கச்சி, வரிசையில நிக்கக்குள்ளண்டு அண்டைக்கே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா...” என்றார்.

சென்சரைக் கொண்டுபோய்ப் பொலிஸ் நிலையத்தில் காட்டினேன். இந்தச் சின்னச் சாமானுக்கா அழுகிறாய் என்று சிரித்தார்கள்.

அக்கா இப்போதும் தெருவில் பழைய கார் சத்தம் கேட்டால் பால்கனிக்குப் போகிறாள். நீங்கள் ஓய்வுபெற்று ஞாயிற்றுக்கிழமைச் சிங்களப் பத்திரிகையில், மேலே உங்கள் படத்தோடு, வாகன ஆலோசனை எழுதுகிறீர்கள். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். சூடேறினால் நிற்கும் பழைய காரைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். சென்சராக இருக்கலாம், எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட விடாமல் பிழை இல்லை என்று சொல்லக்கூடாது, வேலையில் இருந்த காலமெல்லாம் நீங்கள் கடைப்பிடித்த விதி அது என்றும் எழுதியிருந்தீர்கள்.

காலமெல்லாம்?

இந்தச் சென்சர் ஆறி எத்தனையோ காலமாகிவிட்டது. கார் ஆறினவுடன் வருகிறேன் என்றவர் வரவில்லை. எனக்கு நீங்கள் தனியாகக் கடிதம் எழுத வேண்டாம். அதே பத்திரிகையில், அதே பக்கத்தில், உங்கள் பெயர் போட்டு எழுதுங்கள். ஓட விட்டுப் பாருங்கோ என்று ஒரு மனிதன் கத்திக்கொண்டிருந்தபோது சாவியை ஏன் திருப்பி அணைத்தீர்கள்? பதில் சொல்லுங்கள்.