பச்சை அடித்த வயல்

போன புதன்கிழமை காலை செல்வராணி போன் செய்தார். "சார், தஞ்சாவூர்ல நம்ம ஏரியாவுக்கு மாஸ்டர் பிளான் மாட்டியிருக்காங்களாம். ஆட்சேபம் இருந்தா இந்த வாரத்துக்குள்ள சொல்லணுமாம். கூட வாங்களேன். நீங்க பேப்பர்ல எழுதுறவங்க, சொன்னா கேப்பாங்க."

எங்கள் குடியிருப்பு நகரை ஒட்டி அவருக்கு மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர். வருஷத்துக்கு ஒரு சம்பா. குடும்பம் ஓடுவது அதில்தான். போகாமல் இருக்க முடியுமா?

தஞ்சாவூர் நகரமைப்பு அலுவலக ஹாலில் ஒரு சுவர் முழுக்க வரைபடம். வீடுகளுக்கு மஞ்சள், வயல்களுக்குப் பச்சை. ஊர் வளரட்டும், ஆனால் இதுவரைக்கும்தான் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். செல்வராணியின் வயல் நல்ல பச்சையில் இருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார். எனக்கே சந்தோஷமாகிவிட்டது.

அப்புறம் அந்த விரல் எதையோ தேட ஆரம்பித்தது.

"வாய்க்கா எங்கங்க?"

வாய்க்கால் இருக்க வேண்டிய இடத்தில் தடிமனாக ஒரு கோடு... ரோடு!

அங்கிருந்த அதிகாரி சின்ன வயது, மரியாதையான மனிதர். "ட்ரோன் படத்தப் பாத்துப் போட்டதும்மா. சித்திரையில எடுத்தது. அதுல வண்டித் தடம்தான் தெரியுது."

சித்திரையில் வாய்க்காலில் வேறு என்ன இருக்கும்? மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேரும்வரை எல்லோரும் அதில்தான் வண்டி ஓட்டுகிறோம். நானும்தான்.

"அதான் உங்க நிலத்துக்குப் பச்சை அடிச்சிருக்கோமேம்மா. இனிமே யாரும் அங்க மனை போட முடியாது."

"பச்சை அடிச்சா பயிர் வந்துடுங்களா? தண்ணி எந்த வழியா வரும்?" செல்வராணி குரலை உயர்த்தவில்லை.

அதிகாரி ஒரு ஃபைலை எடுத்தார். "பக்கத்து நகர்லேர்ந்தே அங்க ரோடு கேட்டு மனு குடுத்திருக்காங்க, பாருங்க" என்று பிரித்துக் காட்டினார்.

இரண்டாம் பக்கத்தில், நான்காவதாக, என் கையெழுத்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் நகர் நலச் சங்கச் செயலாளர் கொண்டுவந்த காகிதம் அது. படிக்காமல் போட்டேன் என்று சொன்னால் பொய். படித்தேன். பைபாஸுக்கு நேராக ஒரு ரோடு வேண்டும் என்று இருந்தது. எதன் மேல் என்று இல்லை. நானும் கேட்கவில்லை.

"இது நீங்களா சார்?" செல்வராணி கேட்டார்.

"ஆமாம்."

வெட்கமாக இருந்தது. அங்கேயே கையெழுத்தை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கொடுத்தேன். "வச்சுக்கிறோம் சார். ஆனா மத்தவங்க கையெழுத்து அப்படியே இருக்கே" என்றார் அதிகாரி. செல்வராணியின் ஆட்சேபமும் அதே ஃபைலில் போய்ச் சேர்ந்தது. ஏதாவது நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பொய்யாக ஆறுதல் சொல்ல வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ரோடு வந்தா உங்களுக்கு எவ்வளவு நேரங்க மிச்சம்?"

"ஒரு பத்து நிமிஷம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து நிமிஷம்! அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? காலையில் இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பேப்பர் படிப்பேன். டெல்டா அழிகிறதே என்று அதில் யாராவது புலம்பியிருப்பார்கள்.

பெரும்பாலும், நானே.