பன்னீர் பாட்டில் திறந்த நாள்

1968 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் அம்மா விடியுமுன் தண்ணீர் எடுத்தாள். அப்பா சவரம் செய்துகொண்டார். எனக்கு எண்ணெய்க் குளியல். அன்று கூடுதலாக, திருச்சுழி பஸ்ஸில் சித்தப்பாவுக்குப் பெண் கொடுக்கிறவர்கள் வீடு பார்க்க வந்தார்கள்.

சித்தப்பா மதுரையின் பழைய சாமான் கடைகளில் சீமைச் சாராயப் பாட்டிலின் தக்கையைப் பிடுங்கும் கார்க் திருகிகளாக வாங்கிச் சேர்ப்பவர். வாலே திருகாணியான நாய், மீன், கிளி என்று எல்லாம் பித்தளை. துரைமார் வீடுகளிலிருந்து ஏலத்தில் வந்தவை. அவரோ காப்பிகூடக் குடிக்கமாட்டார். ஆனால் அது மதுவிலக்குக் காலம். அந்த அலமாரியைப் பார்த்துத்தான் முந்தைய இரண்டு சம்பந்தங்களும் கலைந்திருந்தன. பரணில் ஏற்றிவிடும்படி அப்பா கெஞ்சினார். சித்தப்பா புளிபோட்டுத் துலக்கி வரிசையாக நிறுத்தினார். “ஒளிச்சு வச்சாத்தாண்ணே தப்பு.”

பெண்ணின் தாய்மாமன் நேராக அலமாரிக்குப் போனார்.

“இது என்ன சாமான் தம்பி?”

“சீமைப் பாட்டில்ல தக்கை புடுங்குறது.”

“அப்ப தண்ணி போடுற ஆளா நீங்க?”

“அழகுக்கு வாங்குறதுங்க.”

“யாருகிட்டக் காது குத்துறீக?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். அம்மா அவசரமாகப் பன்னீர் தெளிக்கச் சொன்னாள். புதுப் பாட்டில்; தக்கை இறுகியிருந்தது. சித்தப்பா நாயை எடுத்து ஓரத்தில் குத்தினார். தக்கை உதிர்ந்தது. இடப்பக்கமாகத் திருகினார். வால் வழுக்கி விரலைக் கிழித்தது.

தாய்மாமனுக்குப் பொறுக்கவில்லை. “அட, கொண்டாங்க இங்கே!” பாட்டிலைத் தொடைகளுக்கிடையே இடுக்கினார். மீனைத் தக்கையின் நடுவில் வைத்து வலப்பக்கமாக நான்கு திருகு, ஒரு இழுப்பு. ‘டொப்’ என்றது. வழக்கம்போல வாய்ப்பகுதியை உள்ளங்கையால் துடைத்தும்விட்டார்.

பெண்ணின் அம்மா தன் தம்பியைப் பார்த்துக் கேட்டாள்:

“ஏலே, இத எங்கடா படிச்ச?”

பெண்ணின் அப்பா சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்தது. “மாப்ளைக்குத் தொறக்கத் தெரியல. இதுக்கு மேல என்ன விசாரிக்கணும்? தட்ட எடுங்க.”

தட்டு மாற்றினார்கள். தாய்மாமன் பஸ் வரும்வரை வாசலிலேயே நின்றார். அவ்வளவு கெட்டிக்காரரை எல்லோரும் ஏன் இப்படி ஒதுக்குகிறார்கள் என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

மறுநாள் காலை, பல் தேய்க்கும் முன்பே, சித்தப்பாவை எழுப்பினேன். “கல்யாணத்துக்குள்ள அந்த மாமாகிட்ட ஒழுங்காப் படிச்சுக்கங்க சித்தப்பா. அவுக என்னமாத் தொறக்காக!”

சித்தப்பா என் வாயைப் பொத்தினார்.