கனடாவுக்குப் போன ஒரிஜினல்

சண்டைக் காலத்தில் திருகோணமலையில் ஒரு வீடியோக் கடையில் கசெட்டுகளைக் கொப்பி பண்ணும் வேலையில் இருந்தேன். ஒருநாள் அதே ஊரின் ஓர்ஸ் ஹில் பகுதியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய வெள்ளைச் சட்டை. கொண்டுவந்தது மகளின் கல்யாணக் கசெட். தனக்கு ஒரு கொப்பி எடுத்துக்கொண்டு, ஒரிஜினலைக் கனடாவிலிருக்கும் மகளுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். நான் அதை ஓடவிட்டபோது மனைவி வரும் இடமெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அந்த அம்மா அண்மையில்தான் இறந்திருந்தார்.

"ஐயா, கொப்பி பண்ணப் பண்ணப் படம் மங்கும். ஒரிஜினலை நீங்கள் வைச்சிருங்கோ, கொப்பியை மகளுக்கு அனுப்புங்கோ," என்றேன்.

"இல்லைத் தம்பி. செத்தவீட்டுக்கு வர ஏலாமல் கனடாவில இருந்து அழுத பிள்ளை. அவளுக்குத் தாயின்ர முகம் வடிவாத் தெரியட்டும். நான் ஒவ்வொரு நாளும் பாத்த முகம்தானே."

சில வருடங்களுக்குப் பின் தன் கொப்பியோடு திரும்ப வந்தார். போட்டுப் போட்டுப் படம் தேய்ந்து கோடு விழுந்திருந்தது. வீடு மாறும்போது மகள் ஒரிஜினலைத் தொலைத்துவிட்டாளாம்.

"முகத்தை மட்டும் கொஞ்சம் தெளிவாக்க ஏலாதோ? இப்ப கண்ணை மூடினாலும் சரியா வருகுதில்லை," என்றார்.

வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். அந்த அம்மாவின் சேலைச் சிவப்புத்தான் ஏறியது. நான் விடாமல் முயல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "காணும் தம்பி, இவ்வளவும் போதும். இப்ப தெரியுது," என்று சொல்லிக் கசெட்டை வாங்கிக்கொண்டு போனார்.

என் மனம் நோகக்கூடாது என்று சொன்னாரோ, மெய்யாகவே எதையாவது கண்டாரோ, தெரியவில்லை. நான் கண்டது, முகமிருந்த இடத்தில் ஒரு மங்கல் வெளிச்சம்தான்.